வெயில் பக்கம், நிழல் பக்கம்: யின் யாங்கும் நம்மூர் நாடியும்

சென்ற மாதம் நம் அசோசியேஷன் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. கிளப் ஹவுஸில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இலவச உடல்நல முகாம் நடத்த அனுமதி கேட்டிருந்தார்கள். கையில் ஒரு உலோகக் குச்சியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் உட்கார்ந்தால் போதுமாம். உங்கள் உடம்பில் யின் எத்தனை சதவீதம், யாங் எத்தனை சதவீதம், கூடவே வாதம், பித்தம், கபம் எல்லாவற்றையும் இயந்திரம் அச்சடித்துக் கொடுத்துவிடும். குறைவதைச் சரிக்கட்ட மூன்று மாதத்துக்கான மருந்துப் பொட்டலமும் அங்கேயே கிடைக்கும். முகாம்தான் இலவசம், பொட்டலம் இல்லை.

நம் வாட்ஸ்அப் குழுவில் அன்று இரவு நடந்த சண்டையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். “ஐயாயிரம் வருஷத்து அறிவை இயந்திரத்தில் கொண்டுவந்திருக்கிறார்கள், வரட்டுமே” என்று ஒரு பாதி. “எல்லாமே ஏமாற்று” என்று இன்னொரு பாதி. இரண்டு பக்கமும் அந்த அறிவு உண்மையில் என்ன சொல்கிறது என்று கேட்கவில்லை. அதைக் கொஞ்சம் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்றுதான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்த இரண்டு சொற்கள். யின் என்றால் சீன மொழியில் மலையின் நிழல் படிந்த பக்கம். யாங் என்றால் வெயில் அடிக்கும் பக்கம். அவ்வளவுதான் ஆரம்பம். நம் பிள்ளைப்பாக்கத்தில் மலைக்கு எங்கே போவது? நம் கட்டடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்குப் பார்த்த வீட்டு பால்கனியில் காலை ஏழு மணிக்குத் துணி காய்கிறது. மேற்குப் பக்க வீடு அப்போது குளுகுளுவென்று இருக்கிறது. மாலை நான்கு மணிக்கு அப்படியே தலைகீழ். மேற்குப் பக்கத்துக்காரர்கள் திரையை இழுத்துவிட்டு ஏசியைப் போடுகிறார்கள். எந்த வீடு யாங், எந்த வீடு யின்? நேரம் சொல்லாமல் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. எதோடு ஒப்பிடுகிறோம் என்று சொல்லாமலும் பதில் இல்லை. கீழ்த்தளத்தோடு ஒப்பிட்டால் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் வீடு எப்போதும் யாங்தான்.

சீன மருத்துவத்தின் அடிப்படை நூலான ‘ஹுவாங்டி நெய்ஜிங்’ இந்த ஒப்பீட்டை உடம்பின் மேல் வைத்தது. மஞ்சள் பேரரசர் கேள்வி கேட்க, சி போ என்ற மருத்துவர் பதில் சொல்லும் உரையாடலாக எழுதப்பட்ட நூல் அது. பேரரசர் புராணத்து ஆள். நூல் தொகுக்கப்பட்டது ஏறத்தாழ கி.மு. 2, 1ஆம் நூற்றாண்டுகளில் என்பது ஆய்வாளர்கள் கணிப்பு. ஆக, ஐயாயிரம் வருஷத்தில் ஒரு மூவாயிரத்தை இங்கேயே கழித்துவிடலாம். அந்த நூலின்படி முதுகு யாங், வயிறு யின். மேல்பாகம் யாங், கீழ்ப்பாகம் யின். தோல் யாங், உள்ளுறுப்பு யின். உள்ளுறுப்புகளிலும் இதயம், கல்லீரல், மண்ணீரல், நுரையீரல், சிறுநீரகம் ஆகிய ஐந்தும் யின். வயிறு, குடல், பித்தப்பை போன்ற உள்ளீடற்றவை யாங். யின்னுக்குள்ளும் யாங் உண்டு, யாங்குக்குள்ளும் யின் உண்டு என்று அது திரும்பத் திரும்பச் சொல்கிறது. ஒன்று இன்னொன்றோடு எப்படி நிற்கிறது என்பதற்குப் பெயர் அது. டேங்கில் தண்ணீர் மாதிரி அளந்து “இவ்வளவு இருக்கிறது” என்று சொல்லும் பொருள் அல்ல. குச்சியைப் பிடித்ததும் யின் சதவீதம் அச்சாகிறது என்றால், அந்த எண்ணை ஹுவாங்டி நெய்ஜிங் எழுதியவர்களிடம் காட்டினால் அவர்களுக்கே ஒன்றும் புரிந்திருக்காது.

நோயைக் கண்டுபிடிக்க அவர்கள் வைத்திருந்த வழி நான்கு: பார்ப்பது, கேட்பதும் முகர்வதும், விசாரிப்பது, தொட்டுப் பார்ப்பது. முகத்தின் நிறம், நாக்கின் மேல் படிவு, குரல், மூச்சின் வாடை, தூக்கம், தாகம், வியர்வை எல்லாம் வரும். கடைசியில்தான் கை மணிக்கட்டில் நாடி. ஒவ்வொரு கையிலும் மூன்று விரல், மூன்று இடம். இடது கையில் இதயம், கல்லீரல், சிறுநீரகம். வலது கையில் நுரையீரல், மண்ணீரல், மறுபடி சிறுநீரகம். லேசாகத் தொட்டால் ஒன்று, அழுத்தினால் ஒன்று. 3ஆம் நூற்றாண்டில் வாங் ஷுஹே எழுதிய நாடி நூல் 24 வகைத் துடிப்புகளைச் சொன்னது. 1564இல் லி ஷிஜென் அதை 27 ஆக்கினார். மிதப்பது யாங், ஆழ்ந்தது யின். வேகமானது யாங், மெதுவானது யின். இப்படிக் கிடைத்ததையெல்லாம் சேர்த்து, இந்த நோய் வெளியிலா உள்ளேயா, சூடா குளிரா, மிகுதியா குறைவா என்று கேட்டு, இந்த ஆறுக்கும் மேலே குடை மாதிரி யின்னா யாங்கா என்று முடிவு செய்வார்கள். இந்த எட்டுத் தலைப்புகளின் வேர் பழசு. பாடப்புத்தக வாய்பாடாக இறுகியது மட்டும் 20ஆம் நூற்றாண்டில்.

இன்னொன்று உங்களில் நைட் ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு. நாடி பார்க்கச் சரியான நேரம் விடியற்காலை என்கிறது அந்த நூல். சாப்பிடுவதற்கு முன், யின் இன்னும் கலையாமல், யாங் இன்னும் சிதறாமல் இருக்கும் நேரம். கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி, டீக்கடை வடையோடு நாம் வீட்டுக்கு வரும் நேரம் அது. நம்மை எந்தக் கணக்கில் சேர்த்திருப்பார்களோ!

இதில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் சுன்யு யி. கி.மு. 2ஆம் நூற்றாண்டு மருத்துவர். அரசுத் தானியக் களஞ்சியத்துக்கு அதிகாரியாகவும் இருந்தவர். ஏதோ வழக்கில் சிக்கி, உறுப்புச் சிதைப்புத் தண்டனைக்குத் தலைநகர் சாங்கானுக்குக் கொண்டுபோனார்கள். அவருக்கு ஐந்து மகள்கள். “ஆபத்துக்கு உதவ ஒரு பையன் இல்லையே” என்று அவர் சலித்துக்கொண்டதாகச் சொல்கிறார்கள். அதைக் கேட்டுப் பொறுக்காமல் கடைசி மகள் தியிங் தகப்பன் பின்னாலேயே தலைநகர் வரை போய், அப்பாவுக்குப் பதில் என்னை அரசாங்க அடிமையாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று பேரரசர் வென்னுக்கு மனுக் கொடுத்தாள். பேரரசர் மனம் இளகி கி.மு. 167இல் அந்தத் தண்டனை முறையையே ஒழித்தார். இந்தப் பெண் பிள்ளையின் கதையைச் சீனர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். நமக்கு வேண்டியது அதற்குப் பிந்தையது. எப்படி வைத்தியம் செய்கிறாய் என்று அரசவை கேட்க, சுன்யு யி 25 நோயாளிகளின் விவரத்தைச் சொன்னார். பெயர், ஊர், நாடி எப்படி இருந்தது, ஏன் அப்படி முடிவுசெய்தேன், என்ன ஆயிற்று எல்லாம் அதில் உண்டு. பிழைத்தவர்களும் இருக்கிறார்கள், இறந்துபோனவர்களும் இருக்கிறார்கள். உன் கணிப்பு தவறியதே இல்லையா என்று கேட்டதற்கு, அவ்வப்போது தவறும், என்னால் முழுமையாக இருக்க முடியாது என்றார். வரலாற்றாசிரியர் சீமா சியென் இதைத் தன் நூலில் பதிந்துவைத்தார். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே இப்படி ஒரு பதிவேடு! ஒரு வைத்தியரோ முகாமோ வந்தால் முதலில் கேட்கவேண்டிய கேள்வி அரசவை கேட்ட அதே கேள்விதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது நம் பக்கம் வருவோம். நம் சித்த மருத்துவத்தில் எண்வகைத் தேர்வு உண்டு: நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். சீனர்களின் நான்கு வழிகளோடு வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் அதே காரியங்கள்தான். மூத்திரத்தில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு, அது பாம்பாக நீள்கிறதா, மோதிரமாக வளைகிறதா, முத்தாக நிற்கிறதா என்று பார்க்கும் நெய்க்குறியும் நம் சித்தர்களிடம் உண்டு. நாடிக்கு இங்கேயும் மூன்று விரல்தான். ஆனால் சீனர்களுக்கு விரலுக்கு ஓர் உறுப்பு; நமக்குச் சுட்டுவிரலில் வாதம், நடுவிரலில் பித்தம், மோதிர விரலில் ஐயம் என்கிற கபம். மூன்றும் ஒன்று, அரை, கால் என்ற அளவில் நடந்தால் சுகம். ஆணுக்கு வலது கை, பெண்ணுக்கு இடது கை. எந்த மாதத்தில் எந்த வேளையில் பார்க்கவேண்டும் என்றும் கணக்கு உண்டு.

அடிப்படையில் அங்கே இரண்டு, இங்கே மூன்று. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் முதல் குறளிலேயே அந்த மூன்றைப் பேசிவிடுகிறது. அதே அதிகாரத்தில் பின்னால் ‘நாடி’ என்ற சொல் அடுத்தடுத்து வரும். வள்ளுவர் நாடி பிடிப்பதைத்தான் சொல்கிறார் என்று முகாம் நோட்டீஸ்களில் அடிக்கடி போடுகிறார்கள். அங்கே நாடி என்றால் ஆராய்ந்து என்று பொருள். மணிக்கட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

இந்த நாடி பார்ப்பது நம் நாட்டுக்கு எப்போது வந்தது? இது உண்மையிலேயே சுவையான கேள்வி. ஆயுர்வேதத்தின் ஆதி நூல்களான சரகத்திலும் சுஸ்ருதத்திலும் நாடி பிடித்து நோய் கணிக்கும் முறை கிடையாது. வடமொழியில் அது தெளிவாக வருவது 1300 வாக்கில் எழுதப்பட்ட சார்ங்கதர சம்ஹிதையில். அதற்கு அறுநூறு வருஷம் முன்னால் நடந்ததைப் பாருங்கள். இத்சிங் என்ற சீனத் துறவி 671இல் கப்பலேறி நம் நாட்டுக்கு வந்தார். நாலந்தாவில் சுமார் பத்து வருஷம் படித்தார். யுவான் சுவாங் காஞ்சிபுரம் வந்துபோய் அப்போது முப்பது வருஷம்தான் ஆகியிருந்தது. இத்சிங் தன் குறிப்பில் இந்திய மருத்துவத்தைப் புகழ்கிறார், பட்டினி கிடந்து நோயைப் போக்கும் முறையை விவரிக்கிறார். ஆனால் ஊசி குத்துவதிலும் சூடு வைப்பதிலும் நாடி பார்ப்பதிலும் சீனாவை மிஞ்ச இந்த நாவலந்தீவில் ஆள் இல்லை என்கிறார். ஊர்ப்பெருமை கொஞ்சம் கலந்திருக்கலாம். இருந்தாலும், அன்று இங்கே நாடி வைத்தியம் கொடிகட்டிப் பறந்திருந்தால் பத்து வருஷம் இருந்தவர் இப்படி எழுதியிருப்பாரா?

அப்படியானால் சீனாவிலிருந்து வந்ததா? போகர் சீனத்துக்காரர், அல்லது சீனம் போய்வந்தவர் என்ற பழனி மரபை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அது மரபு, அதை வைத்து வரலாறு எழுத முடியாது. சோழர் தூதுக்குழுக்கள் 1015, 1033, 1077 ஆண்டுகளில் சீன அவைக்குப் போனது வரலாறு. 1281இல் சீனத் துறைமுகமான சுவான்ஜோவில் தமிழ்க் கல்வெட்டு வெட்டப்பட்டதும் வரலாறு. 1313இல் தப்ரீஸ் நகரில் ரஷீத் அல்தீன் என்ற பாரசீக அமைச்சர் சீன மருத்துவ நூல்களை மொழிபெயர்க்க வைத்தார், நாடி நூல் உட்பட. யூனானி மருத்துவர்களுக்கோ கிரேக்க கேலன் காலத்திலிருந்தே சொந்த நாடி சாஸ்திரம் உண்டு. இப்படிக் கப்பலும் ஒட்டகமும் போய்வந்துகொண்டிருந்த காலத்தில்தான் நம் நூல்களிலும் நாடி வருகிறது. யாரிடமிருந்து யார் என்று ஒற்றை வரியில் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டதும் சொந்தமாகச் சேர்த்ததும் கலந்ததுதான் இது என்பது என் அபிப்பிராயம்.

சொந்தமாகச் சேர்த்ததற்கு ஒரு அத்தாட்சி. நாடியின் ஓட்டத்தைப் பிராணிகளின் நடையோடு ஒப்பிடுவது ஆயுர்வேதத்திலும் உண்டு, சித்தத்திலும் உண்டு. சார்ங்கதரர் பாம்பும் அட்டையும் போல ஓடினால் வாதம் என்கிறார்; அன்னம் போல நடந்தால் கபம். நம் சித்த நூல்களில் அன்னம், கோழி, மயில் நடை வாதம். ஆமை, அட்டை பித்தம். தவளை, பாம்பு கபம். பாம்பும் அன்னமும் இடம் மாறிக்கொண்டன! இரண்டு பேர் விரலுக்கும் கீழே ஓடியது ஒரே ரத்தக்குழாய்தான்.

மருந்துச் சரக்கிலும் இந்தப் போக்குவரத்து நடந்தது. படிகாரத்துக்கு நம் ஊரில் சீனக்காரம் என்ற பெயர் இன்னும் உண்டு. பறங்கிப்பட்டை கதை இன்னும் வேடிக்கை. போர்ச்சுகீசியர் வந்ததோடு மேகநோய் ஒன்றும் பரவியது. அதைப் பறங்கி நோய் என்றார்கள். அதற்கு மருந்தாகச் சீனத்திலிருந்து ஒரு கிழங்கு அதே போர்ச்சுகீசியக் கப்பல்களில் வந்தது. 1563இல் கோவாவில் கார்சியா த ஓர்த்தா அச்சிட்ட நூலில் அந்தச் சீனக்கிழங்குக்குத் தனி அத்தியாயம் இருக்கிறது. நோயும் பறங்கி, மருந்தும் பறங்கி. சீனத்தின் பெயர் நடுவில் எங்கோ கழன்றுபோய்விட்டது.

சமையலறைக்கு வந்தால் உங்களுக்கே எல்லாம் தெரியும். பப்பாளி சூடு, நுங்கு குளிர்ச்சி, கோழி சூடு, மோர் குளிர்ச்சி. சீனத்திலும் இதே பேச்சுதான்: கோழி சூடு, வாத்து குளிர்ச்சி, இஞ்சி சூடு, தர்பூசணி குளிர்ச்சி. ஆனால் நண்டைப் பாருங்கள். நமக்குச் சளி பிடித்தால் நண்டு ரசம். நெஞ்சுச் சளியைக் கரைக்கும் சூடு என்பது நம் கணக்கு. சீனர்களுக்கோ நண்டு கடும் குளிர்ச்சி. அதனால்தான் இஞ்சியைச் சேர்த்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கொரிய உணவகங்களில் கேட்டால் இன்னொரு கணக்கு: வெயில் உச்சத்தில் இருக்கும் மூன்று நாட்களில்தான் அவர்கள் ஊரில் கொதிக்கக் கொதிக்க ஜின்செங் கோழி சூப் குடிப்பார்கள், சூட்டைச் சூட்டால் அடிக்க. அக்னி நட்சத்திரத்தில் நம் வீட்டுப் பாட்டியிடம் சொல்லிப் பாருங்கள்! கூர்ந்து கவனித்தவர்கள்தான் மூன்று ஊரிலும் இருந்தார்கள். ஆனாலும் ‘சூடு’ என்ற சொல் தெர்மாமீட்டர் காட்டும் சூடு அல்ல. அந்தந்த ஊரின் சாப்பாடும் பருவமும் அனுபவமும் சேர்ந்த ஒரு அடையாளச் சொல் அது. ஒரே இயந்திரம் சீனக் கணக்கையும் தமிழ்க் கணக்கையும் ஒரே நிமிடத்தில் ஒரே தாளில் அச்சடிக்கிறது என்றால், அதனிடம் நண்டைப் பற்றிக் கேளுங்கள்.

போன நூற்றாண்டில் இரண்டு நாடுகளிலும் அரசாங்கங்கள் இந்தப் பழைய மருத்துவத்தை என்ன செய்வது என்று தவித்தன. சென்னை மாகாண அரசு 1921இல் முகமது உஸ்மான் தலைமையில் குழு அமைத்தது, 1923இல் அறிக்கை, 1925இல் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி. சித்தம், ஆயுர்வேதம், யூனானி மூன்றும் அங்கே பாடம். சீனத்திலோ 1929இல் பழைய மருத்துவத்தை ஒழிக்கவே தீர்மானம் போட்டார்கள். மார்ச் 17 அன்று வைத்தியர்கள் ஷாங்காயில் திரண்டு அதைத் தடுத்தார்கள். 1956இல் புதிய அரசாங்கம் நான்கு நகரங்களில் கல்லூரியே தொடங்கிவிட்டது.  நமக்கு 1964இல் பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரி. 2005இல் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம். நம்மிடமிருந்து ஒரகடம், படப்பை வழியாகப் போய்விடக்கூடிய தூரம்தான். நாடி பார்த்துக்கொள்ள ஆசை இருப்பவர்கள் அங்கே புறநோயாளிப் பிரிவுக்குப் போகலாம். முறையாகப் படித்துப் பதிவுபெற்ற மருத்துவர்கள், கேஸ் ஷீட் எழுதி, தேவைப்பட்டால் ரத்தப் பரிசோதனையும் எழுதிக் கொடுப்பார்கள்.

நாடிக்கு இன்னொரு வாரிசும் உண்டு. 1707இல் ஜான் ஃப்ளாயர் என்ற ஆங்கில மருத்துவர், நாடியை எண்ணுவதற்கென்று ஒரு நிமிடம் ஓடும் கடிகாரம் செய்வித்து அதைப் பற்றி நூல் எழுதினார். சீனர்களின் நாடிக் கலையைப் பற்றி ஐரோப்பாவுக்கு வந்த செய்திகளைப் படித்து வியந்தவர் அவர். 27 வகையைப் பிடிக்க அவர் முயலவில்லை. எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டார், ஏனென்றால் அதை யார் எண்ணினாலும் ஒரே விடை வரும். உங்கள் கையில் கட்டியிருக்கும் ஸ்மார்ட் வாட்ச் அந்த வழியில் வந்ததுதான்.

யார் எண்ணினாலும் ஒரே விடை என்பதுதான் இங்கே முக்கியம். ஒரகடத்தில் தரக்கட்டுப்பாட்டில் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. ஒரு புது கேஜ் வந்தால் அதே பாகத்தை அதே ஆள் திரும்ப அளந்தால் அதே விடை வருகிறதா, வேறு ஆள் அளந்தால் வருகிறதா என்று முதலில் பார்ப்போம். ‘கேஜ் ஆர் அண்ட் ஆர்’ போடாமல் லைனில் விடமாட்டோம். சீன நாடி முறைக்கும் இப்படிச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரே நோயாளியைப் பல வைத்தியர்கள் பார்த்தபோது அவர்கள் கணிப்பு ஒத்துப்போனது பல ஆய்வுகளில் குறைவாகத்தான் இருந்தது. வேகம், ஒழுங்கு போன்றவற்றில் நன்றாக ஒத்துப்போகும். நுட்பமான வகைகளுக்குப் போகப் போகப் பிரிந்துவிடும்.

என் அப்பாவுக்கு நடந்தது இதுதான். கிராமத்தில் ஒரு நாட்டு வைத்தியர், அப்பாவை விட மூத்தவர். வயிற்றுப் பொருமல், வியர்வை, பித்தம் ஏறிவிட்டது, சூரணம் கொடுங்கள் என்று அப்பா போய் உட்கார்ந்தார். வைத்தியர் மூன்று விரல் வைத்தார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். கையை மாற்றச் சொல்லி மறுபடி வைத்தார். “தம்பி, நடை விட்டு விட்டு வருது. எங்கிட்ட இதுக்கு மருந்து இல்ல. இப்பவே வண்டிய எடுத்து பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ” என்று என்னிடம் சொன்னார். காசு வாங்கவில்லை. ஈசிஜி எடுத்ததும் அங்கே எங்களை உட்காரக்கூட விடவில்லை. அதற்குப் பிறகு அப்பா எட்டு வருஷம் இருந்தார்.

அந்த வைத்தியர் அன்று கண்டுபிடித்தது 27 வகையில் ஒன்றை அல்ல. துடிப்பு ஒழுங்காக இல்லை என்பதை மட்டும்தான். சீன நூல்களிலும் விட்டுவிட்டு வரும் நாடி கெட்ட அறிகுறிதான். அதை நீங்களும் தொட்டுப் பார்க்கலாம். பெருவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து முழுசாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஓய்வாக இருக்கும்போது பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை வரும். அடிக்கடி தப்பித் தப்பி அடித்தால் டாக்டரிடம் காட்டுங்கள். அதோடு நெஞ்சு இறுக்கம், மூச்சுத்திணறல், மயக்கம் இருந்தால் பித்தமா வாயுவா என்று பேசிக்கொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். கேட்டில் செக்யூரிட்டி அண்ணனிடம் சொல்லிவிட்டால் ஆம்புலன்ஸை எந்த பிளாக்குக்கு அனுப்புவது என்று அவர் பார்த்துக்கொள்வார்.

முகாம் கடிதம் அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் வருகிறது. நீங்களும் வரலாம். நான் அங்கே இரண்டு விஷயம் கேட்கப்போகிறேன். நம்மில் ஐந்து பேரை, பெயர் சொல்லாமல், வரிசையை மாற்றி மாற்றி அந்த இயந்திரத்தில் இரண்டு தடவை உட்காரவைக்கச் சம்மதமா? இதுவரை கணிப்பு தவறிய நோயாளிகளின் பதிவேடு ஒன்று கொண்டுவர முடியுமா?